மாரிக் கடலுக்கு ஒரு கபானா

1

கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவன் செய்யக்கூடாத பிழை ஒன்றைச் செய்துவிட்டேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேர்கனில் மழை. இந்த நோர்வே நகரத்தில் மழை ஒரு செய்தியே அல்ல. வெயில் எறித்தால்தான் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். மூத்தவள் லியா போனும் கையுமாக வந்து கதிரையில் குந்தினாள். பதினைந்து வயது. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுகிறவள். எந்தத் தண்ணீரில் இறங்குவதென்றாலும் அந்த இடத்தின் காற்றையும் அலையையும் போனில் பார்க்காமல் இறங்கமாட்டாள். அவளுக்கு அதைப் பழக்கியது இந்த நாட்டுப் பள்ளிக்கூடம், நான் அல்ல.

“அப்பா, உங்கட கடல் ஏன் முழுக்கச் சிவப்பு?” என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். இலங்கையின் வரைபடம். போன வருடம் மார்கழி மாதத்து அலைகளை நிறத்தால் காட்டியிருந்தார்கள். நீலம் என்றால் அமைதி, சிவப்பு என்றால் இறங்காதே. முல்லைத்தீவில் இருந்து மட்டக்களப்பு வரை கரை முழுவதும் சிவப்பாகக் கிடந்தது. நடுவில் திருகோணமலைத் துறைமுகம் மட்டும் ஒரு சின்ன நீலப் பொட்டு.

“இதுக்குள்ள கயாக் விட ஏலாது. சும்மா குளிக்கவும் ஏலாது. நீங்கள் பாக்கேல்லையா?”

“வாடை” என்று என் வாயில் இருந்து வந்தது. அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. மார்கழி மாதம் எங்கள் கரையில் வாடைக்காற்றுக் காலம், மாரிக் கடல். ஐப்பசி கழிவதற்குள் போட்டுகளை எல்லாம் தென்னையடி வரைக்கும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது வருடம் கடலுக்குப் போன சந்தியாம்பிள்ளையின் மகனான எனக்கு, அது நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊரான சாம்பல்தீவுக்கு அப்பால் கடற்கரையில், மார்கழி மாதத்தில், குடும்பத்துடன் தங்கிக் கடல் குளிக்க நான்கு நாளைக்குக் கபானா என்கிற மரக் குடில் ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக அதற்குத் திட்டம் போட்டு, ஆட்களுக்கு எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டும் திரிந்திருக்கிறேன்.

என் மனைவி சுமதி யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வளர்ந்தவள். கடல் பற்றி வாயே திறக்கமாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

“கடல்காரனைக் கட்டினனான் எண்டெல்லே இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

2

இந்தத் திட்டம் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன்.

நோர்வேக்காரருக்கு விடுமுறை என்றால் ஹித்தே. காட்டிலோ கடலோரத்திலோ மரத்தால் கட்டிய சின்னக் குடில். சிலதுக்குள் மின்சாரம்கூட இருக்காது. வீட்டில் எல்லா வசதியையும் வைத்துக்கொண்டு, அதை விட்டுவிட்டுப் போய்க் குளிருக்குள் விறகு கொத்துவார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு விசராக இருந்தது. பிறகு எங்களுக்கும் பழகிவிட்டது. வருடத்தில் இரண்டு தரமாவது ஒரு ஹித்தேயை வாடகைக்கு எடுத்துப் போவோம்.

பழகியதற்குக் காரணம் பிள்ளைகள். வீட்டில் அவர்கள் இருவரும் தங்களுக்குள் நோர்வே மொழியில் கதைத்துச் சிரிப்பார்கள். நான் ஏதும் கேட்டால் சிரிப்பை நிறுத்திவிட்டு, எனக்காகத் தமிழில் ஒரு சுருக்கம் சொல்வார்கள். என் சாப்பாட்டு மேசையில் நானே விருந்தாளி. ஆனால் ஹித்தேயில் போனை எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவது இந்த நாட்டுப் பழக்கம். அங்கே போனால்தான் என்னோடு கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு படுப்பார்கள்.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு அப்படிப் போயிருந்தபோது, இளையவன் யோனாஸ் விறகு அடுப்புக்கு முன்னால் இருந்து திடீரென்று கேட்டான்.

“அப்பப்பா ஒரு நாளும் ஹித்தேக்கு வரேல்லை, என்ன?”

“அவருக்கு வர ஏலாது. வயசு போட்டுது. கால் ஒண்டு இழுக்குது.”

அவன் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான். “அப்ப நாங்கள் ஹித்தேயை அவரிட்டக் கொண்டு போவம்.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னது. கடைசியாக நான் ஊருக்குப் போனது ஆறு வருடங்களுக்கு முன், அம்மாவின் செத்தவீட்டுக்கு. பத்து நாள், தனியாக. யோனாஸ் என் அப்பாவை நேரே கண்டது கைக்குழந்தையாக இருந்தபோது. அப்பாவும் என் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே நான்கு நாள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஊரில் தங்கச்சி றெஜினாவின் வீட்டில்தான் அப்பா இருக்கிறார். அங்கேயே தங்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கலாம். ஆனால் என் பிள்ளைகள் அங்கே வரிசையாகக் கதிரையில் இருந்து, கேட்கிற எல்லாவற்றுக்கும் “ஓம்”, “நல்லம்” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். அதோடு அந்த வீடு கடலில் இருந்து தள்ளி உள்ளுக்கு இருக்கிறது. சுனாமி பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு கிடைத்த வீடு. கடற்சத்தம் கேட்காத இடத்தில் அப்பா இருபது வருடமாகப் படுக்கிறார். அவரை மறுபடி கரையில் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

3

நிலாவெளிப் பக்கமாகக் கடற்கரையில் மரக் கபானாக்கள் இருப்பதை லியாதான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். படத்தில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நாட்களைத் தெரிவு செய்தேன். நத்தார் பண்டிகைக்கு முந்திய நான்கு நாள் கபானாவில், நத்தார் பூசைக்கு றெஜினா வீட்டுக்கு. நத்தாருக்கு அடுத்த நாள் சுனாமி வந்த நாள், எங்கள் கரையில் ஒருவரும் கடற்கரையில் விடுமுறை கொண்டாடுவதில்லை. அந்த நாளைக் கவனமாகத் தவிர்த்தேன். அதை நினைவில் வைத்திருந்தவன் காற்றை மறந்தேன். மார்கழியில் எந்த நாளைத் தொட்டாலும் இடம் இருந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிந்த அடுத்த நாள் அங்கிருந்து நஸீர் என்பவர் போன் எடுத்தார். கபானாக்களைப் பார்த்துக்கொள்பவர். எந்த ஊர் என்று கேட்டேன். குறிஞ்சாக்கேணி என்றார். நான் சாம்பல்தீவு என்றேன். பிறகு என்ன, கதை வளர்ந்தது. அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். கபானாவுக்கு எத்தனை படி என்று கேட்டேன். நாலு படி, கைபிடியும் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சேர், அந்த மாசத்தில காத்துக் கொஞ்சம்…” என்று தொடங்கினார்.

“தம்பி, நான் கடல்காரன்ர மகன். எனக்குக் கடல் படிப்பிக்காதைங்கோ,” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். “சரி சேர். உங்களுக்குத் தெரியாததா?”

இப்போது இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அப்பாவிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீடியோவில். எங்கள் வீடியோக் கதைகள் எப்படிப் போகும் என்று புலம்பெயர்ந்தவர்களுக்குத் தெரியும். றெஜினா போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். பாதி நேரம் நெற்றி தெரியும், பாதி நேரம் கூரை தெரியும். யோனாஸை இழுத்துக்கொண்டுவந்து முன்னால் நிறுத்தினேன்.

“அப்பப்பா, நீ எப்பிடி இருக்கிறாய்?” என்றான்.

“நீங்கள் எண்டு சொல்லு” என்று சுமதி பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். நோர்வே மொழியில் பிரதமரையும் நீ என்றுதான் சொல்லலாம். அவன் என்ன செய்வான்?

அப்பா சிரித்தார். “விடு பிள்ளை. என்னை நீ எண்டு கூப்பிட இப்ப ஆர் இருக்கினம்? எல்லாரும் போயிட்டினம். அவன் கூப்பிடட்டும்.”

பிறகு நான் கபானாவைப் பற்றிச் சொன்னேன். படி, கைபிடி, கடலைப் பார்த்த விறாந்தை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் அடுக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

“மார்கழியிலயோ?” என்றார்.

“ஓம் அப்பா.”

“கடற்கரையிலயோ?”

“ஓம். அங்கதான் படுக்கப் போறம், நீங்களும்.”

அப்பாவின் நெற்றி கொஞ்ச நேரம் அசையாமல் தெரிந்தது. பின்னால் றெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்ததும், அப்பா கையை உயர்த்தியதும் எனக்குத் தெரிந்தது. அப்போது அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

“நல்லது மகன்,” என்றார். “நல்லா இருக்கும். வா.”

4

திட்டம் என்றால் இங்கே முதலில் கடதாசி. பள்ளிக்கூடம் நத்தாருக்குப் பூட்டுவதற்கு மூன்று நாள் முந்திப் பிள்ளைகளைக் கூட்டிப் போக அனுமதி கேட்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பயணத்தை வழக்கமான விடுமுறைக் காலத்துக்குத் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் என்ன? இரண்டு நாள் யோசித்து, கலாசாரம், வேர், குடும்ப ஒன்றுகூடல் என்று பெரிய சொற்களாக நிரப்பினேன். அகராதியைப் பார்த்து எழுதிய நோர்வே மொழி. லியா வாசித்துவிட்டு, இது கட்சித் தேர்தல் அறிக்கை மாதிரி இருக்கிறது என்றாள். ஆனாலும் அனுமதி கிடைத்தது.

அடுத்தது இலங்கை விசாப் படிவம். பிறந்த இடம்: திருகோணமலை. வருகையின் நோக்கம்: உல்லாசப் பயணம். நாட்டில் தங்கும் முகவரி: கபானாவின் முகவரியைப் போட்டேன். போட்ட பிறகு அந்த மூன்று வரியையும் ஒன்றாகப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மாற்றவில்லை.

பிறகு என் லீவு. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் பொறுப்பில் பதினொரு கிழவர்கள். காலையில் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுப்பது என் வேலை. யாருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி கூடாது, யாருக்கு எந்த அளவுச் சட்டை, யார் கடலோடியாக இருந்தவர், யார் மகனின் பெயரை மறந்துபோனவர், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருவரின் சட்டை கழுத்தில் தொளதொளக்கத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு எழுதி அறிவிப்பதும் நான்தான். நத்தார் நேரத்தில் அங்கே லீவு எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பேருடன் முறை மாற்றிக் கெஞ்சித்தான் எடுத்தேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் லியாவின் சிவப்புக் கடலும் வந்தன.

புட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கட்டிலில் இருந்தேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வயது பத்தொன்பது. இங்கே வந்து இருபத்துநான்கு வருடமாகிறது. ஊர்க் காற்றைவிட இந்த ஊர்க் காற்று என் உடம்பில் கூட வீசியிருக்கிறது. மறந்தால் என்ன குற்றம் என்று என்னையே தேற்றிப் பார்த்தேன். ஆறவில்லை. மாரி காலத்தில் அப்பா போட்டின் எஞ்சினைக் கழற்றித் தனியாளாகத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் ஏறி வருவார். இரண்டு பேர் தூக்குகிற எஞ்சின். அவருக்குப் பின்னால் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். கண்ணுக்குள் மண் அடித்த அந்தக் காற்றை எப்படி மறந்தேன்? எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்படுகிற ஆம்பிளை செய்கிற வேலையைத்தான் அடுத்ததாக நானும் செய்தேன். உடனே எல்லாவற்றையும் சரிக்கட்ட வெளிக்கிட்டேன். ஆடி மாதத்தில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இங்கே பள்ளிக்கூடமும் பூட்டு. திங்கட்கிழமையே பயண முகவருடன் கதைத்து விமானச் சீட்டை மாற்றலாம் என்று அறிந்தேன். பள்ளிக்கூட அனுமதி இனித் தேவையில்லை என்று எழுதி அனுப்பினேன். என் லீவைத் திருப்பிக் கொடுத்தேன். மேலாளர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. செவ்வாய்க்கிழமை காலை நஸீருக்கு எடுத்தேன்.

5

“ஆடிக்கு மாத்திறது பிரச்சினை இல்ல சேர்,” என்றார் நஸீர். “நான் அண்டைக்கே சொல்ல வந்தன். நீங்க கடல்காரர்ட மகன் எண்டு சொன்னீங்க. நான் பிறகு என்னத்தச் சொல்ற?”

“பிழை என்ர பக்கம், தம்பி.”

“அப்பிடி இல்ல சேர்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா உங்கட அப்பா மார்கழிக்கெண்டுதானே சொல்லிட்டுப் போனவர்?”

“அப்பா எங்க வந்தவர்?”

“இஞ்சதான் சேர். போன மாசம் உங்கட மச்சான்ட ஆட்டோவில வந்தவர். கபானாவப் பாக்கணும் எண்டார். கைபிடியப் பிடிச்சு நாலு படியும் ஏறி, இறங்கி, திரும்ப ஏறினவர். ஏறி முடியக் களைச்சுப் போனார். தண்ணி குடுத்தன். பிறகு விறாந்தையில கதிரை போட்டுக் கொஞ்ச நேரம் கடலப் பாத்துக்கொண்டு இருந்தவர். மாரிக்குத் தண்ணி எது வரைக்கும் வரும் எண்டு கேட்டார். நான் கையக் காட்டினன். இல்ல, அதுக்கும் மேல வரும் எண்டு என்னைத் திருத்தினவர்.”

நஸீர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. றெஜினாவும் சொல்லவில்லை. நஸீரின் போனை வைத்துவிட்டு அவளுக்கு எடுத்தேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்வோம் என்று நினைத்து, பயணத்தை ஆடிக்கு மாற்றுகிறேன், கடல் அமைதியாக இருக்கும், பிள்ளைகள் குளிக்கலாம், அப்பாவுக்கும் வசதி என்று அடுக்கினேன்.

“றெஜி, இருக்கிறியோ?”

“இருக்கிறன் அண்ணா.”

“மார்கழி வாடைக் காலம் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை? உனக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். எல்லாரும் சேந்து என்னை விசரனாக்கிப் போட்டியள்.”

“நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அப்பா விடேல்லை.”

“ஏன்?”

“காத்தெண்டு சொன்னா அவன் பயணத்தைத் தள்ளிப் போடுவான், சொல்லாதை எண்டவர்.” அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. “நீங்கள் இப்ப அதைத்தானே செய்யிறீங்கள்?”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அண்ணா, ஆடிக்குக் கடல் நல்லாத்தான் இருக்கும். அப்பா ஆடிக்கு இருப்பாரோ எண்டு டொக்டரே சொல்லமாட்டன் எண்டிட்டார். இருதயம் அந்தளவுக்கு ஏலாமல் போச்சுதாம். ஆவணியில கொண்டுபோய்க் காட்டினது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அதுக்கும் என்னட்டச் சத்தியம் வாங்கினவர். அவன் பயந்து தனிய ஓடி வருவான், பிள்ளையளைக் கொண்டு வரமாட்டான், அம்மான்ர செத்தவீட்டுக்கு வந்த மாதிரி பத்து நாள் நிண்டிட்டுப் போயிடுவான் எண்டார்.”

“நீ ஒவ்வொரு கிழமையும் பரவாயில்லை, பரவாயில்லை எண்டுதானே சொன்னனீ?”

“பின்ன என்ன சொல்லச் சொல்றீங்கள்?”

பரவாயில்லை என்ற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு நாடுகளில் இருபத்துநான்கு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அம்மாவுக்கும் பரவாயில்லை என்றுதான் சொன்னோம். நானும் இங்கிருந்து பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன், வேலை போன நாட்களிலும்கூட.

றெஜினா தொடர்ந்து சொன்னாள். இப்போது அவளை நிறுத்த முடியாது. “நீங்கள் அந்தப் படியின்ர படம் அனுப்பின நாளில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை குசினிப் படியில ஏறி இறங்குறார். அது ரெண்டு படிதான். ரெண்டு தரம் ஏறினா நாலு எண்டு கணக்கு. வேண்டாம் அப்பா, தூக்கிக்கொண்டு போகலாம் எண்டா ஏசுறார். பேரப்பிள்ளையளுக்கு முன்னால என்னைத் தூக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டார். மாரிக் கடலெண்டா இன்னும் நல்லதாம், சத்தம் நல்லாக் கேக்குமாம். அப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியிற மனுசனிட்ட, ஆடிக்கு மாத்தியாச்சு எண்டு நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பத்து மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். போகவில்லை.

6

அன்று பின்னேரம் பிள்ளைகள் வந்ததும் மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாக அல்ல, முழுவதுமாக. அப்பப்பாவின் இருதயத்தைப் பற்றி, குசினிப் படியைப் பற்றி, கடலில் இறங்க முடியாது என்பதைப் பற்றி. விளங்காத இடங்களில் நோர்வே மொழியில் சொன்னேன். அந்த மொழியில் அழாமல் சொல்ல எனக்கு வசதியாக இருந்தது.

“நாலு நாளும் மழையாத்தான் இருக்கும். காத்து அடிக்கும். கயாக்கும் இல்லை, குளிப்பும் இல்லை,” என்றேன்.

லியா என்னை ஒரு புதினமாகப் பார்த்தாள். “அப்பா, நாங்கள் ஹித்தேக்குப் போற நேரமெல்லாம் மழைதானே? மழைக்கு என்ன?”

இந்த நாட்டில் ஒரு சொல் வழக்கு இருக்கிறது. கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் இருக்கிறது என்பார்கள். வந்த காலத்தில் இருந்து எனக்குப் பிடிக்காத பேச்சு அது. அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் அதை ஒரே குரலில் சொன்னார்கள், நான் எழுந்துபோய் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன். மேலாளரின் முகம் போன போக்கைச் சொல்லவேண்டியதில்லை. விமானச் சீட்டை நல்லவேளை இன்னும் மாற்றியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. அதே கேள்வி. இந்தப் பயணத்தைத் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் என்ன? இந்த முறை அகராதி தேவைப்படவில்லை. “என் அப்பா” என்று இரண்டு சொல் எழுதினேன். அனுமதி அன்றைக்கே வந்தது. விசாப் படிவத்தையும் திறந்து, தங்கும் முகவரியில் றெஜினாவின் வீட்டைப் போட்டேன்.

பிறகு அப்பாவுக்கு எடுத்தேன். றெஜினா போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கூரை தெரிந்தது.

“கடல் குழம்பிக் கிடக்கும் மகன்,” என்றார் எடுத்த எடுப்பில். அவள் சொல்லிவிட்டாள் என்று விளங்கியது.

“தெரியும் அப்பா.”

“பிள்ளையள் குளிக்க ஏலாது.”

“தெரியும்.”

“எப்ப தொடக்கம் தெரியும்?”

“போன ஞாயிற்றுக்கிழமை தொடக்கம்.”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கத் திரும்பவும் சிரித்தார். “கடல்காரன்ர மகன் எண்டு வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

“சொல்லிப்போட்டன் அப்பா.”

“ஓம், அந்தக் கபானாத் தம்பி சொன்னவன்.” மூச்சு வாங்கினார். “வாறது நிச்சயமோ?”

“நிச்சயம். நாலு பேரும்.”

“அப்ப ஒரு வேலை செய். அங்க மழைக்குப் போடுற கோட் நல்ல சாமான் எண்டு சொல்லுவினம். எனக்கும் ஒண்டு கொண்டு வா. விறாந்தையிலயே இருந்து பாக்க எனக்கு ஏலாது. தண்ணியடிக்குப் போக வேணும், பிள்ளையளோட.”

கொண்டு வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு யோனாஸ் பக்கத்தில் வந்து கேட்டான்.

“அப்பப்பான்ர சைஸ் என்ன?”

எனக்குத் தெரியவில்லை. வேலை செய்யும் இடத்தில் பதினொரு கிழவர்களின் அளவும் தெரியும். அப்பாவின் அளவு தெரியவில்லை. எஞ்சினைத் தோளில் சுமந்த ஆள், பெரிய அளவாகத்தான் இருக்கும் என்றேன். எதற்கும் அளந்து அனுப்பு என்று றெஜினாவுக்கு எழுதினேன்.

சனிக்கிழமை மழைக்குள்ளே கடைக்குப் போனோம். றெஜினா அனுப்பிய தோள் அளவையும் கை அளவையும் போனில் காட்டினேன். கடைக்காரப் பிள்ளை பார்த்துவிட்டு எங்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சின்னப் பிள்ளைகளின் உடுப்புகள் தொங்கின. பிழை, இது ஒரு பெரிய மனிதருக்கு, என் அப்பாவுக்கு என்றேன். அவள் அளவை இன்னொரு தரம் பார்த்தாள். இது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவு என்றாள், மெதுவாக.

கடைக்குள் நின்றபடியே றெஜினாவுக்கு எடுத்தேன்.

“பிழையா அளந்திட்டாய் போல.”

“ரெண்டு தரம் அளந்தனான் அண்ணா,” என்றாள்.

நான் போனைப் பைக்குள் வைத்தேன். யோனாஸ் ஒரு மஞ்சள் கோட்டை எடுத்துப் போட்டு, பொத்தானை எல்லாம் பூட்டி, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். தோள் சரியாக இருந்தது. கையும் சரியாக இருந்தது.

“அப்பப்பா இவ்வளவுதானா?” என்று கேட்டான்.

ஓம் என்றேன். அந்த நிறத்திலேயே, அந்த அளவிலேயே இரண்டு கோட் வாங்கினோம்.